'சில பேரு' என்றால் யாரு?

போன மாதம் பிரகாஷ் போனில் கூப்பிட்டார். ரந்தாவ் பக்கம் நான் வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தில் இப்போது அவர்தான் உதவி நிர்வாகி. நான் ஓய்வு பெற்று லோபாக்கில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு அங்கே சேர்ந்தவர். நேரில் பார்த்ததுகூட இல்லை. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, ஒரு உதவி வேணும்லா. புது மண்டோருங்களுக்குக் கிளாஸ் வெக்கிறோம். வேலையாளுங்ககிட்ட கொறைய எப்படிச் சொல்றதுன்னு நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும்."

"இதுக்கெல்லாமா கிளாஸு வெக்கிறாங்க?" என்றேன்.

விஷயம் இதுதான். அங்கே இப்போது ஆட்களை வேலை வாங்குகிற ஒவ்வொரு மண்டோர் கையிலும் கம்பெனி கொடுத்த கைப்பேசி இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஆளின் பெயருக்கு எதிரேயும் ஒரு முகத்தை அழுத்த வேண்டும். சிரிக்கிற பச்சை முகம், சும்மா இருக்கிற மஞ்சள் முகம், உம்மென்று இருக்கிற சிவப்பு முகம். அழுத்தியவுடன் அந்த முகம் வேலையாளின் கைப்பேசிக்குப் போய்விடுமாம். சிவப்பு முகம் வாங்கியவர்களில் சிலர் மறுநாள் வேலைக்கே வருவதில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று வந்து கேட்பவர்களும் இல்லை.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்ல வேண்டியத மூஞ்சி படம் போட்டு அனுப்புனா வேற என்னா ஆவும்?" என்று கேட்டேன். பிரகாஷ் சிரித்தார். நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறார்.

ஆட்கள் முன்னால் நின்று பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் கத்தியது வேறு, கூட்டத்தில் பேசுவது வேறு. அதனால் எழுதியே தருகிறேன், நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினேன். அந்த மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்ட பிறகு புல் வெட்டினேன், உதிரிப் பழம் பொறுக்கினேன், உரம் போட்டேன். உரம் போடுகிற பெண்களுக்கு ஒரு மண்டோர் தேவைப்பட்டபோது, "சரோஜாவுக்குத் தொண்ட இருக்கு, அவளப் போடு" என்று என்னைப் போட்டார்கள். சத்தம் போடத் தெரிந்தால் மண்டோராகிவிடலாம் என்று அப்போது எல்லோருமே நினைத்தார்கள், நானும்தான்.

உரம் போடுவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து போட்டுப் பார்க்கட்டும். காலையில் டிராக்டர் உர மூட்டைகளைக் கொண்டுபோய்ப் பாதையோரம் இறக்கிவிடும். யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று நான் பிரித்துக் கொடுப்பேன். மூட்டையைப் பிரித்து பேசினில் கொட்டிக்கொண்டு, அதை இடுப்பில் அணைத்தபடி மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். மரத்துக்கு ஒரு மங்கு. மங்கு என்றால் எங்கள் பேச்சில் கிண்ணம். அதை அடிமரத்தில் அப்படியே கவிழ்க்கக் கூடாது. மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே மணிக்கட்டைச் சுழற்றி, புல் எடுத்த வட்டம் முழுக்கப் பரவும்படி விசிற வேண்டும். கட்டி இருந்தால் உடைத்துப் போட வேண்டும். வேர்த்த கழுத்தில் உரத்தூள் பட்டால் எரியும். அதனால் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, காலில் பூட்ஸ்.

உடம்புக்கு முடியாதபோதோ மனம் ஒட்டாதபோதோ ஆட்கள் குறுக்கு வழியில் போவார்கள். மங்கை அடிமரத்தில் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடுவார்கள். இன்னும் முடியாவிட்டால் மூட்டையோடு ஓடையில் சாய்த்துவிடுவார்கள். உரம் குவிந்த இடத்தில் புல் தீய்ந்துபோகும். எந்த நிரை யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பதால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஆளிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டம்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய மண்டோர் வீராசாமி. அவர் குறை சொல்கிற விதத்தை நான் விவரமாகவே எழுத வேண்டும்.

காலையில் பெரட்டுக்கு எல்லோரும் ஆபீஸ் முன்னால் உள்ள திடலில் கூடுவோம். பெயர் கொடுத்துவிட்டு அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு கலைவதற்குத்தான் பெரட்டு. பெரிய மண்டோர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வருவார். வேலைகளைச் சொல்லி முடித்ததும் தொண்டையைச் செருமுவார். அப்படிச் செருமினால் யாருக்கோ இன்றைக்கு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் திரும்பி, பக்கத்தில் நிற்கிற டிராக்டரின் பின்பக்க டயரைப் பார்ப்பார். பேச்செல்லாம் அந்த டயரோடுதான்.

"சில பேரு இருக்காங்க. திங்கிறப்ப ரெண்டு கையும் வேல செய்யும். உரம் போடுறப்ப ஒரு கையும் வேல செய்யாது. நான் யாரச் சொல்றேன்னு சில பேருக்கு வெளங்கும். வெளங்குனா சரி."

அவ்வளவுதான். பென்சிலை எடுத்து மறுபடியும் காதில் செருகிக்கொண்டு போய்விடுவார்.

சாடை பேசுவது நமக்கொன்றும் புதிதில்லை. மருமகளிடம் சொல்ல வேண்டியதை மாமியார் பூனையிடம் சொல்வார். பைப்படியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டியதை நாங்கள் வாளியிடம் சொல்வோம். பெரிய மண்டோர் அதைப் பெரட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் வீடு தேடிப் போய் விசாரிப்பார். பெயரைச் சொன்னால் ஆளுக்கு மானம் போய்விடும், அதனால் பொதுவாகச் சொல்கிறேன் என்பார். மனசார அப்படித்தான் நம்பினார்.

ஆனால் நடந்தது வேறு. தப்புச் செய்தவள், "யாரையோ சொல்றாருலா" என்று தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு தப்பும் செய்யாத ரோஷக்காரி, நம்மைத்தான் சொல்லிவிட்டாரோ என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்காமல் இருப்பாள். சாடைக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. "நான் இல்லை" என்று வாயைத் திறந்தால், "உன்னை யார் சொன்னது, உனக்கு ஏன் சுடுகிறது?" என்று கேட்பார்கள். வாயைத் திறக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

எங்களோடு வேலை செய்த இந்தோனேசியப் பெண் சித்திக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். அவள் என்னைக் கூப்பிடுவது காக், மலாயில் அக்கா என்று அர்த்தம். ஒரு நாள் பெரட்டு முடிந்து நடந்துபோகும்போது மிகவும் கவலையாக என்னிடம் மலாயில் கேட்டாள்: "காக், அந்த டயர் அப்படி என்ன தப்புப் பண்ணுச்சு? தெனமும் அதையே திட்டுறாரே?" நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேசின் கீழே விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அஸ்லினா என்ற மலாய்ப் பெண் உதவி நிர்வாகியாக வந்தார். ஒரு நாள் வேலைக்காட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, "காக் சரோ, டுடோக் டுலு" என்று என்னை உட்காரச் சொன்னார். காலிச் சாக்கை விரித்து அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து மலாயில் பேசினார்.

"நேத்து அந்தச் சரிவுல மூட்டையெல்லாம் கீழ்ப்பக்கம் எறக்கியிருந்துச்சு. பேசினத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேல ஏறுறதப் பார்த்தேன். ஏன் காக்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். இனி எப்படியும் 'சில பேரு' வரும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்தது. மேல்பாதையில் ஓடைமேல் போட்ட பலகைப் பாலம் உடைந்து கிடக்கிறது, டிராக்டர் தாண்ட முடியவில்லை, அதனால்தான் கீழே இறக்குகிறோம் என்று சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதே," என்றார். சீக்கிரமே பலகை மாற்றினார்கள், மூட்டைகள் மேலே இறங்கின.

குறை சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பெயரைச் சொல்லி, என் கண்ணைப் பார்த்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லி, ஏன் என்றும் கேட்டது அவர்தான். அதுவரை என்னிடம் யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. இதை நானும் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் செய்து பார்க்க எனக்குக் கிடைத்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை.

இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் ஆள் பாக்கியம். என்னிடம் வேலை செய்த கும்பலில் அவள் போட்ட நிரையை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை, அவ்வளவு சுத்தம். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், அந்த வருஷம்தான் பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவப் பரீட்சை. பாக்கியம் அதிகம் பேச மாட்டாள், ஒரு சொல்லும் பொறுக்க மாட்டாள்.

இன்னொருத்தி கமலா. அவள் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். அவள் மகனுக்கு என் தம்பி மகளைப் பேசி முடித்திருந்தோம். அதுவரை "ஏ கமலா, இங்க வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், பரிசம் போட்ட நாளிலிருந்து "வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி" என்று மாறிவிட்டேன். அவளும் அதுவரை கூப்பிட்ட அக்காவை விட்டுவிட்டு என்னைச் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்றால் சும்மாவா?

ஒரு நாள் கமலாவின் நிரையில் புல் தீய்ந்து கிடந்தது. மரத்தடியில் வெள்ளை வெள்ளையாக உரம் குவிந்திருந்தது. ஓடைக்கரையில் ஒரு மூட்டையையே சாய்த்த தடம். முறைப்படி பெரிய மண்டோரிடம் சொன்னேன். நானே கமலாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீ பேசாதம்மா," என்றார் அவர். "சம்பந்தி வீடு. ஒரு வார்த்த கூட கொறைய ஆச்சுன்னா கல்யாணமே கெட்டுப்போயிடும். நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

அவருடைய பக்குவம் மறுநாள் பெரட்டில் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். டயரைப் பார்த்தார்.

"சில பேருக்கு ஒரு கண்ணு வேலையில, ஒரு கண்ணு வீட்டுல. வீட்டுல ஜோலி இருந்தா வீட்டுலயே இருந்துக்க வேண்டியதுதான? மரத்துக்குப் போட வேண்டிய உரத்த ஓடைக்கு ஊட்டிட்டுப் போறாங்க."

அவர் மனதில் இருந்தது கமலாவின் கல்யாண ஜோலி. ஆனால் முதல் நாள்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று பாக்கியம் என்னிடம் சொல்லிவிட்டு வேலையின் பாதியில் போயிருந்தாள். திடலில் இருந்த அத்தனை தலையும் பாக்கியத்தின் பக்கம் திரும்பியது. கமலாவின் தலையும் திரும்பியது. பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். நான் கும்பலுக்கு நடுவே நின்று, "அவ இல்ல" என்று கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் அடுத்த கேள்வி "அப்ப யாரு?" என்றுதான் வரும்.

மறுநாளிலிருந்து பாக்கியம் வேலைக்கு வரவில்லை. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் முழுக்க, 'பாக்கியம்தானாம், மூட்டையையே ஓடையில கொட்டிட்டாளாம்' என்று பேச்சு. பள்ளி பஸ்ஸில் யாரோ அவள் மகளிடமும் கேட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது சாமான்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மண்டோரக்கா, நான் ஓடையில கொட்டுனேனா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒன் நெரை எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் பெரிய மண்டோரு அப்படிச் சொன்னாரு?"

"ஒன்னச் சொல்லலம்மா."

"பின்ன யாரச் சொன்னாரு?"

கமலாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் தப்பைப் பாக்கியத்திடம் சொன்னால், நானும் பைப்படியில் சாடை பேசுகிறவளாகிவிடுவேன். பாக்கியம் என் முகத்தையே பார்த்தாள்.

"பாத்தீங்களா, சொல்ல மாட்டேங்கிறீங்க. எல்லாருக்கும் நான்தான். செனாவாங் பேக்டரியில ஆள் எடுக்கிறாங்க. தங்கச்சி வீட்டுல ரெண்டு பேரும் ஒண்டிக்கிறோம். அடுத்த வாரம் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வீட்ட ஒப்படைச்சுடுறேன்."

வேலையை விட்டால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். பரீட்சை நெருங்கும் நேரத்தில் அந்தப் பெண் வேறு வீட்டில், வேறு பள்ளியில், தங்கை பிள்ளைகளோடு பிள்ளையாகக் கிடந்து படிக்க வேண்டும். அதைவிட மோசம், அவள் போய்விட்டால் உரம் கொட்டியவள் பாக்கியம்தான் என்று தோட்டம் முழுக்க முடிவாகிவிடும். செய்யாத தப்புக்கு அவள் ஊரைவிட்டுப் போகப்போகிறாள்.

கமலாவிடம் பேசப்போகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். "அக்கா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க," என்றான். எனக்கும் பயம்தான். தம்பி மகளைத் தூக்கி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. என் வாயால் அவள் கல்யாணம் நின்றதென்றால் தம்பி வீட்டு வாசலை நான் மறுபடி மிதிக்க முடியாது.

ஆனாலும் போனேன். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் பாதையோரம் உட்கார்ந்திருந்தபோது கமலாவை மட்டும் அவள் நிரைக்குக் கூட்டிப்போனேன். புல் தீய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சம்பந்தி, இது உங்க நெரை. இந்த மரத்தடியில உரம் குவிஞ்சு கெடக்கு. அந்த ஓடையில ஒரு மூட்ட சாஞ்ச தடம் இருக்கு. என்னா நடந்துச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தொண்டைக்காகவே மண்டோரானவள் நான். அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கமலா பிளாஸ்க் மூடியைத் திறந்தாள். என்னைப் பார்க்காமல் பிளாஸ்க்கைப் பார்த்துப் பேசினாள். "சில பேருக்குப் பதவி வந்துட்டா சொந்த பந்தம் கண்ணுக்குத் தெரியாது."

"சில பேரு இல்ல சம்பந்தி. நான்தான், சரோஜா. இந்தா உக்காந்திருக்கேன். என்னையப் பார்த்துச் சொல்லுங்க, என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

அவள் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தம்பி மகளின் முகம் கண் முன்னால் வந்தது. கமலா வலது கையைத் தூக்கப் பார்த்தாள். அது மார்புக்கு மேலே வரவில்லை.

"தூக்க முடியலக்கா," என்றாள். சம்பந்தி போய் அக்கா வந்துவிட்டது.

சரிவில் ஒரு நாள் வழுக்கி விழுந்திருக்கிறாள். தோளில் அடி. யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள். மூட்டையைத் தூக்கவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. முடிந்த மரத்துக்கு வீசி, முடியாத மரத்தில் கவிழ்த்து, அதுவும் முடியாமல் மிச்சத்தை ஓடையில் தள்ளியிருக்கிறாள்.

"கிளினிக்குக்குப் போயிருக்கலாமே?"

"போனா எம்.சி. லீவு எழுதிக் குடுப்பாங்க. இவளுக்கு முடியல, வேலைய விட்டு நிறுத்துன்னு சொல்லிட்டா? கல்யாணத்த வேற வெச்சுக்கிட்டு... அதுவும் இல்லாம, மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் கை வெளங்கலன்னு ஒங்க தம்பி வீட்டுல ஒரு பேச்சு வந்துட்டா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் அவளுக்குப் பயந்துகொண்டிருக்க, அவள் எங்களுக்குப் பயந்துகொண்டிருந்தாள்.

அனுதாபப்பட்டு விட்டுவிட்டால் மண்டோர் வேலை பாதியில் நின்றுவிடும். அதனால் மிச்சத்தையும் சொன்னேன். "ஓடையில உரம் கொட்டுனது தப்பு கமலா. முடியலன்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கணும். இனிமே சொல்லணும். நாளைக்குக் கிளினிக் போறோம், நானும் வர்றேன். கை சரியாவுற வரைக்கும் நீ நெரைக்குள்ள போவ வேணாம். பாதையில உக்காந்து கட்டிய ஒடச்சு, எல்லாருக்கும் பேசின்ல ரொப்பிக் குடு. அதுக்கும் ஒரு ஆள் வேணும்தான். அஸ்லினாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கமலா தலையாட்டினாள். நீ, வா, போ என்று பழையபடி ஆகிவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"இன்னொன்னு," என்றேன். "பாக்கியம்தான் கொட்டுனான்னு லயமே பேசுது. அவ வீட்ட ஒப்படைக்கப் போறா. ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும், அதான் சொல்றேன்."

கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும் கேக்காதக்கா. அத்தன பேரு முன்னாடி எம் மானமே போயிடும்."

"நான் ஒன்னும் கேக்கலயே," என்று எழுந்துகொண்டேன். அவளுடைய தப்பை அவளிடம் சொல்வது என் வேலை, சொல்லிவிட்டேன். ஊர் முன்னால் சொல்லு என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் வாயைத் திறக்காவிட்டால் பாக்கியத்தை எப்படி நிறுத்துவது என்று எனக்கு வழியே தெரியவில்லை. கிளினிக்கில் கையைச் சோதித்தார்கள், பாரம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள், அஸ்லினாவும் சரி என்றார். பாக்கியத்தைப் பற்றிக் கமலா மறுபடி பேசவே இல்லை.

அடுத்த வாரம் பெரட்டு நேரத்தில் பாக்கியம் வந்தாள். வேலைக்கு வருகிற சட்டை இல்லை, வெளியூர் போகிற பஞ்சாபி உடை. எங்கள் பக்கம் வராமல் ஆபீஸ் படிக்கட்டில் போய் நின்றாள். ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை.

பெரிய மண்டோர் வேலைகளைச் சொல்லி முடித்தார். தொண்டையைச் செருமினார். டயர் பக்கம் திரும்பி, "சில பேரு இருக்காங்க," என்று ஆரம்பித்தார்.

"யாரு மண்டோரய்யா?"

கமலாவின் குரல். அந்தத் திடலில் பெரிய மண்டோரின் பேச்சுக்கு நடுவே யாரும் பேசியதில்லை.

"யாரு அந்தச் சில பேரு? ஓடையில உரம் கொட்டுனதச் சொல்றீங்கன்னா அது நான்தான். கமலா. தோளுல அடி, தூக்க முடியல, கொட்டிட்டேன். தப்புதான். பாக்கியம் இல்ல. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க, பாக்கியம் இல்ல."

சித்தி என் பக்கம் சாய்ந்து மலாயில் கேட்டாள், "காக், இன்னைக்கு டயர் பதில் சொல்லிருச்சா?"

பெரிய மண்டோர் டயரை விட்டுத் திரும்பினார். கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கமலாவைப் பார்த்தார். "ஏம்மா, தோளு முடியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க டயர்கிட்டத்தான கேட்டீங்க?"

சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திடலைத் தாண்டி ஆபீஸ் படிக்கட்டுக்கு நடந்தார். "பாக்கியம்," என்றார், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் சொன்னது ஒன்ன இல்லம்மா. ஒன்னப் பார்த்து ஒரு கொற சொல்ல எனக்கு எடமே இல்ல." அந்த வயதான மனிதர் அப்படிப் போய்ச் சொன்னதற்காக எனக்கு அவர்மேல் இருந்த மனக்குறையெல்லாம் போய்விட்டது.

பாக்கியம் ஆபீஸ் திறக்கும் வரை நிற்கவில்லை. திரும்பி லயத்துக்கு நடந்துவிட்டாள். இருக்கப்போகிறாளா, போகப்போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அன்று உரக்காட்டில் நின்றேனே தவிர மனம் முழுக்க அவள் வீட்டு அட்டைப் பெட்டிகளில்தான் இருந்தது.

சாயங்காலம் லயத்தில் பெரிய சத்தம். வெளியே வந்து பார்த்தேன். கமலா வீட்டு வாசலில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசாத பாக்கியம், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி கமலா! எல்லாரும் என்னையத் திரும்பிப் பார்த்தப்ப நீயும் சேர்ந்துதான பார்த்த? எம் பொண்ணு பஸ்ஸுல அழுதுக்கிட்டு வந்தாளேடி! இத்தன நாளு வாய்ல என்னாடி வெச்சிருந்த?"

"பயம்டி," என்றாள் கமலா. "திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டத்தான் வந்திருக்கேன்! கல்யாணம் வெச்சிருக்கிற வீடுன்னு பார்க்க மாட்டேன்டி கமலா!"

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. தம்பி என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, போய் வெலக்கிவிடுங்க. என்னா பேச்சு பேசுறாங்க!"

"நீ சும்மா இரு," என்றேன். "பாக்கியம் எவ்வளவு அழகா பேர் சொல்லித் திட்டுறா பாரு."

பாக்கியம் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்த்தாள். கமலா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், சிலவற்றுக்கு அழுதாள். கடைசியில் பாக்கியத்துக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தவள், நின்று திரும்பிப் பார்த்தாள்.

"காலையில மொத பேசின் எனக்குத்தான் ரொப்பணும். கட்டி கிட்டி இல்லாம ஒடச்சுக் குடு. ஆனா ஒங்கூட நான் பேசமாட்டேன், சொல்லிட்டேன்."